நாட்டுப்புறக் கலைகளைக் காப்பதில் ஊராட்சிகளின் கடமை

கவிச்சக்கரவர்த்தி கம்பரைப் பற்றி நமது கிராமங்களிலே செவிவழியாக வழங்கிவரும் கதை ஒன்றுண்டு. ஒரு நாள் மாலை வயல் வழியே வந்துகொண்டிருந்த கம்பர், ஏற்றம் இறைக்கும் உழவன் ஒருவன் பாடியதைக் கேட்டு நின்றார். ஓர் அடியைப் பாடிய அளவில் பொழுது சாய்ந்துவிட, உழவன் ஏற்றத்தை நிறுத்தி வீடு திரும்பினான். அடுத்த அடி யாதாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணியும் கவியரசருக்குப் புலப்படவில்லை. விடியுமுன்னரே அதே கிணற்றடிக்கு வந்து காத்திருந்து, உழவன் வாயாலேயே அதனைக் கேட்டு மகிழ்ந்தார் என்பது கதை. நடந்ததோ, புனைந்ததோ, எழுதப் படிக்கத் தெரியாத உழவனிடத்தும் பெரும்புலவர் கேட்டுக்கொள்ள வேண்டிய செல்வம் உண்டு என்பதை நமது முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்றாகும்.

கம்பர் காத்திருந்தார், மறுநாள் உழவனும் வந்தான். இன்று நாம் எந்தக் கிணற்றடியில் எத்தனை நாள் காத்திருந்தாலும் ஏற்றப்பாட்டுப் பாடுவோர் வருவது அரிது. நடவுப்பாட்டு, ஒப்பாரி, கதைப்பாடல், கூத்து முதலியவற்றை முழுமையாக அறிந்தோர் பெரும்பாலும் முதியவர்களாகவே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இச்செல்வத்தைப் பதிந்து காத்து, மீண்டும் மக்களிடையே உலவச் செய்யும் பணி ஊராட்சி மன்றங்களால் இயலக்கூடியதே. அதனைச் செய்யும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் காட்டும் வழி

சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றைக் கவனிப்பதோடு ஊராட்சியின் கடமை தீர்ந்துவிடுகிறது என்று எண்ணுவோர் பலர். இந்திய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 29 பொருள்கள் பதினோராவது அட்டவணையில் வரிசைப்படுத்தப்பெற்றன. அவற்றுள் 20-ஆவது நூலகங்கள். 21-ஆவது பண்பாட்டுப் பணிகள். எனவே, கலையைக் காப்பது ஊராட்சிக்குப் புறம்பான வேலை என்று எவரும் தள்ளிவிட இயலாது.

எவை நமது செல்வம்?

நாட்டுப்புறக் கலை என்றவுடன் கரகாட்டமும் பொய்க்கால் குதிரையுமே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இச்செல்வம் மிக விரிந்தது. வட மாவட்டங்களிலே திரௌபதியம்மன் திருவிழாவின்போது மகாபாரதக் கதையைப் பகலில் பிரசங்கமாகவும் இரவில் தெருக்கூத்தாகவும் பல நாள் நடத்தி, படுகளத்தோடும் தீமிதியோடும் முடிக்கின்றனர். நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கோயில் கொடைகளில் வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க வில்லுப்பாட்டு நடைபெறுகின்றது. மகுடம் என்னும் கருவியை இசைத்து ஆடும் கணியான் கூத்தும் அங்கு உண்டு. கொங்கு நாட்டில் ஒயிற்கும்மி, கோவில்பட்டிப் பக்கத்தில் தேவராட்டம் என்று வட்டாரந்தோறும் தனித்தனி மரபுகள் உள்ளன.

இவை மேடையேறும் கலைகள். மேடையேறாதவை இவற்றினும் பல. தாலாட்டு, நலுங்குப் பாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, களையெடுப்புப் பாட்டு, வண்டிக்காரர் தெம்மாங்கு, விடுகதை, பழமொழி, ஊர்த் தெய்வங்களின் வரலாறு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் என்ற நெல் வகைகளின் பெயர்களும், அவற்றை எப்பட்டத்தில் எந்நிலத்தில் விதைப்பது என்ற அறிவும், காற்றையும் மேகத்தையும் பார்த்து மழையைக் கணிக்கும் குறிகளும் பாட்டிலும் பழமொழியிலும் கலந்தே வந்துள்ளன. ஆதலின், இவற்றைக் காப்பது பொழுதுபோக்குக்கான வேலை என்று விவசாயப் பெருமக்கள் கருதலாகாது. பெரியோர் தம் அனுபவத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற ஏடு இதுவே.

மறைவதற்குக் காரணம்

ஏற்றப்பாட்டு ஏன் மறைந்தது? ஏற்றம் மறைந்ததனால் மறைந்தது. ஏற்றமரத்தின்மீது ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைக் கவிழ்த்து நீரை வாய்க்காலில் விடுவார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கைப் பாட்டோடு சேர்த்தே பாடி வந்தனர். அப்பாட்டு களைப்பைப் போக்கியது, கணக்கையும் காத்தது. எண்ணெய் எஞ்சினும் மின்சாரப் பம்பும் வந்தபின் பாட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று. அவ்வாறே, வரிசையாக நின்று நாற்று நடும் பெண்களில் ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர் பின்பாட்டுப் பாடிய வயல்களிலே இன்று நடவு இயந்திரம் செல்கின்றது.

அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டுள்ள நாம், இம்மாறுதலைக் குறித்து வருந்துவதற்கில்லை. விடியுமுன் எழுந்து ஏற்றம் மிதித்தவரின் கால்வலியும், நாள் முழுதும் சேற்றில் குனிந்து நின்ற தாய்மார்களின் இடுப்புவலியும் நீங்கியது நன்றே. ஆயினும், வலியோடு சேர்த்துப் பாட்டையும் புதைத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டுப் பிறந்த வேலை போய்விட்டபடியால், பாட்டு வாழ்வதற்கு வேறு இடம் நாம் அமைத்துக் கொடுத்தாக வேண்டும்.

நமது தவறு ஒன்று

இங்கு நமது அனுபவத்தில் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்வது பிறருக்குப் பயன்படும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வட்டாரத்தில் பொது விழா ஒன்று நடத்தினோம். அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நடவுப்பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பெயர் பெற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். அவரை அழைத்து வந்து, சொற்பொழிவுகளுக்கு இடையே பத்து நிமிடம் ஒதுக்கினோம். அம்மையார் பாடத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகுமுன் சிறப்பு விருந்தினரின் வண்டி வந்துவிட்டது. மைக் வரவேற்புரைக்குச் சென்றது. அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்து அனுப்பிவைத்தோம். விழா சிறப்பாக நடைபெற்றதாக அறிக்கையும் எழுதினோம்.

மேடையை விட்டு இறங்கும்போது, "பாட்டு இன்னும் பாதிகூட ஆகலையே ஐயா" என்று அவர் நம்மிடம் சொன்னார். "இன்னொரு நாள் ஊருக்கே வந்து முழுவதும் கேட்கிறோம் பாட்டி" என்றோம். அந்த இன்னொரு நாள் ஓராண்டு கழித்தே நமக்கு வாய்த்தது. ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றபோது அவர் காலமாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய மகளுக்குப் பாட்டுகளின் தொடக்கம் மட்டுமே தெரிந்திருந்தது. "அம்மா எடுக்கும், நாங்க பின்னாடி வாங்கிப் பாடுவோம், எடுத்துப் பாட எங்களுக்கு வராது" என்று அவர் கூறியது இன்றும் நமது செவியில் நிற்கின்றது. அவரது குரலில் எஞ்சியது எதுவும் நம்மிடம் இல்லை. பொன்னாடையோடு நிற்கும் புகைப்படம் ஒன்று அலுவலகக் கோப்பில் இருக்கின்றது.

விழா நடத்துவது வேறு, காப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தோம். பதியாமல் நடத்தும் விழா மறுநாள் மறைந்துவிடுகின்றது. பதிந்ததைப் பெட்டியில் பூட்டி, எவரும் கேளாமல் வைத்தாலும் கலை வாழ்வதில்லை. பதிவும் மேடையும் ஏரில் பூட்டிய இரு மாடுகளைப் போன்று சேர்ந்தே செல்லவேண்டும்.

வழிகாட்டிச் சென்றவர்கள்

இத்துறையில் முன்னோர் செய்த பணியை அறிந்துகொள்வது நலம். சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1871-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதனைப் படிப்போர் பாடல்களின் பொருளை அறியலாம். மெட்டையும் குரலையும் அறிய வழியில்லை. ஒலியைப் பதியும் கருவியை எடிசன் கண்டுபிடித்தது 1877-இல்தான். சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாயிருந்த பெர்சி மாக்வீன் திரட்டிய தமிழ்ப் பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூல் நிலையம் 'மலையருவி' என்ற பெயரால் 1958-இல் வெளியிட்டது. வேற்று நாட்டு அதிகாரி ஒருவர் தமது அலுவல்களுக்கிடையே இதற்கு நேரம் கண்டார் எனில், நமக்கு நேரமில்லை என்று சொல்வது பொருந்துமா?

பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வெளிவந்தது. அவர் நெல்லை வட்டாரத்துக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்ததோடு, உடன் உழைக்கத்தக்க இளைஞர் பலரையும் உருவாக்கினார். இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் நாட்டார் வழக்காறுகளை ஆராயும் துறைகள் உள்ளன. தொகுத்தவர்கள் ஒரு சிலர். அவர்கள் சென்றுவர இயன்ற ஊர்களும் சில. தமிழ்நாட்டிலுள்ள 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் அறிஞர்கள் வந்து தொகுப்பர் என்று எதிர்பார்ப்பது இயலாத காரியம். அந்தந்த ஊராரே செய்தாலன்றி இப்பணி முற்றுப்பெறாது.

ஊரார் செய்தால் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு அயர்லாந்து நாட்டை எடுத்துக்காட்டலாம். அங்கு 1935-இல் அரசினர் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தனர். 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் பயின்ற 50,000 மாணவர்கள், தத்தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள முதியோரிடம் கதை, பாட்டு, மருத்துவம், விளையாட்டு, ஊர் வரலாறு ஆகியவற்றைக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினர். பள்ளியில் கட்டுரை எழுதும் நேரமே இதற்குப் பயன்பட்டது. இவ்வாறு 7,00,000 பக்கங்களுக்கு மேல் திரண்டன. அவை இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. இணையத்திலும் எவரும் படிக்கலாம். சம்பளம் பெறும் ஆராய்ச்சியாளர் ஆயிரம்பேர் செய்யவேண்டிய பணியைச் சிறுவர்கள் செய்து முடித்தனர்.

நம் நாட்டிலேயே இராஜஸ்தானத்தில் போருந்தா என்னும் கிராமம் உளது. கோமல் கோத்தாரி, விஜயதான் தேத்தா என்ற இருவர் 1960-இல் அங்கு ரூபாயன் சன்ஸ்தான் என்னும் நிலையத்தைத் தொடங்கினர். கோத்தாரி பாடகர்களைத் தேடிச் சென்று பாட்டுகளைப் பதிந்தார். தேத்தா கிராமத்தார் சொன்ன கதைகளை எழுதினார். அதற்கு 1974-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் கிடைத்தது. பதிந்ததோடு நில்லாமல், லங்கா, மாங்கணியார் ஆகிய மரபுப் பாடகர்களை நாட்டின் பெரிய மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அழைத்துச் செல்வதிலும் கோத்தாரி முன்நின்றார். பதிவும் மேடையும் சேர்ந்து சென்றமையால் கலைஞர் குடும்பங்களும் பயன்பெற்றன. தலைநகரில் மாளிகை கட்டியபின்தான் ஆவணக் காப்பகம் தொடங்க வேண்டும் என்பதில்லை. கிராமத்திலேயே தொடங்கலாம் என்பதை இது காட்டுகிறது.

பதிவு செய்யும் முறை

முதலாவதாக, ஊரிலுள்ள கலைஞர்களின் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். வயதில் மூத்தோரையும் உடல் நலிந்தோரையும் பட்டியலின் முதலில் எழுதி, அவர்களிடமே முதலில் செல்லவேண்டும். நல்ல நாள் பார்த்துத் தள்ளிவைப்பதன் விளைவை மேலே கூறினோம்.

இரண்டாவதாக, கருவி. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அழைப்பு வராதபடி கைப்பேசியை அமைத்து, பாடுபவருக்கு ஒரு முழ தூரத்தில் துணியின்மேல் வைத்தால் ஒலி தெளிவாகப் பதியும். பதிவின் தொடக்கத்தில் நாள், ஊர், பாடுபவர் பெயர் ஆகியவற்றைப் பதிபவரே உரக்கச் சொல்லவேண்டும். ஏடு தொலைந்தாலும் பதிவு யாருடையது என்பது அதனால் விளங்கும்.

மூன்றாவதாக, இடமும் சமயமும். நாற்காலியில் அமர்த்திப் பாடச் சொன்னால் நடவுப்பாட்டு வாயில் வராது. நடவு நடக்கும் நாளில் வயல் வரப்பில் நின்று பதிந்தால் தானே வரும். ஒப்பாரியை வீட்டுக்குள் வெறுமனே பாடுவது ஆகாது என்று தாய்மார்கள் கருதுவர். அவர்களை வற்புறுத்தாமல், ஊருக்கு வெளியே தோப்பிலோ மண்டபத்திலோ வைத்துக் கேட்கலாம். சாமியழைப்பு முதலிய வழிபாட்டுப் பாடல்களை அக்கோயிலுக்குரிய பெரியோரின் அனுமதியின்றிப் பதியலாகாது.

நான்காவதாக, பாடியதைப் பாடியவாறே எழுதவேண்டும். படித்தவர்கள் கொச்சைச் சொல்லைத் திருத்தி, சந்தி சேர்த்து, 'நல்ல தமிழில்' எழுத முற்படுவர். இது பெருந்தவறு. ஒரே பாட்டைப் பக்கத்து ஊரில் வேறு விதமாகப் பாடினால் அதனையும் தனியே எழுதவேண்டும். எது சரி என்ற வழக்கு வேண்டா.

ஐந்தாவதாக, பதிவேடு. பிறப்பு இறப்புப் பதிவேட்டினைப் போன்று, கலைப் பதிவேடு ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கீழ்க்கண்ட விவரங்களைக் குறிக்கலாம்:

1. வரிசை எண், பதிந்த நாள், இடம்.
2. பாடியவர் அல்லது ஆடியவர் பெயர், வயது, தொழில்.
3. கலையின் வகை, அதற்கு ஊரில் வழங்கும் பெயர்.
4. யாரிடம் கற்றார், எந்த வயதில் கற்றார்.
5. எச்சமயத்தில் பாடப்படுவது, உடன் பாடுவோர், கருவிகள்.
6. பதிந்தவர் பெயர்.
7. கலைஞரின் இசைவு: யார் கேட்கலாம், வெளியிடலாமா என்பது.

இவ்வேழு விவரமும் இல்லாத ஒலிப்பதிவு, சர்வே எண் இல்லாத பட்டாவைப் போன்றதே. பின்னால் வருவோர்க்கு எதுவும் விளங்காது.

பாதுகாக்கும் முறை

கைப்பேசியிலேயே விட்டுவைத்த பதிவு, கைப்பேசி பழுதாகும் நாளில் அழிந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் வேண்டும். ஒன்று ஊராட்சியிலுள்ள கணிப்பொறியிலும், மற்றொன்று தனியே வைத்த ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும். மூன்றாவது படி வேறோர் ஊரில், ஒன்றிய அலுவலகத்திலோ அண்மையிலுள்ள கல்லூரியிலோ இருக்கவேண்டும். வெள்ளமோ தீயோ நேர்ந்தால் ஓரிடத்தில் உள்ளவை எல்லாம் ஒருங்கே அழியக்கூடும் அல்லவா? ஆண்டுக்கொரு முறை, விதைநெல்லை வெயிலில் காயவைத்துப் பார்ப்பதுபோல், பதிவுகள் ஒலிக்கின்றனவா என்று சோதித்துப் புதிய படி எடுத்தல் அவசியம்.

2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கிராம ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பெற்றன. அக்கட்டிடத்தில் ஓர் அலமாரியை ஊர்க்கலைக் காப்பகமாக ஒதுக்கலாம். பழைய கூத்துப் பனுவல், ஒலிநாடா, திருவிழாத் துண்டறிக்கை, புகைப்படம் ஆகியவற்றின் படிகளையும் அங்குச் சேர்க்கலாம். வில்லுப்பாட்டுப் புலவர் குடும்பங்களில் ஓலைச்சுவடிகள் இருக்கக்கூடும். அவற்றை ஈரத் துணியால் துடைப்பதும், எண்ணெய் பூசிப் பார்ப்பதும் கூடாது. சுவடியை அக்குடும்பத்தாரிடமே விட்டு, அவர்கள் இசைவோடு படம் எடுத்துக்கொண்டு, சுவடித் துறையுடைய தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கு எழுதி ஆலோசனை பெறுவதே முறை.

மேடை அமைக்கும் முறை

பதிந்தவற்றை மக்களிடம் சேர்ப்பது அடுத்த பணி. மாதம் ஒரு மாலை நூலகத்தின் முன்றிலில் ஊராரைக் கூட்டி, ஊர்ப் பதிவுகளை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்யலாம். தம் பாட்டியின் குரலைக் கேட்கும் பேரப்பிள்ளைகள் அதனைக் கற்க விரும்புவர். கேட்கும் முதியோர், "இதற்குமேல் ஒரு கண்ணி உண்டே" என்று விட்டுப்போனதைச் சொல்லவும் கூடும். ஒரு பதிவு மற்றொரு பதிவுக்கு வித்தாகும்.

விழா நடத்தும்போது கலைக்குரிய காலத்தையும் இடத்தையும் அளிக்கவேண்டும். தெருக்கூத்து இரவு முழுதும் நடைபெறுவது. கட்டியங்காரன் வந்து, திரை பிடித்து, வேடம் புகுவதற்கே நேரம் வேண்டும். அதனைக் கால்மணியில் அடக்கச் சொல்வது, பத்து மாதப் பயிரைப் பத்து நாளில் அறுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். நேரம் குறைவாயின், ஒரு கட்டத்தை முழுமையாக நடத்தச் செய்யலாம். உயர்ந்த மேடையைவிட, மக்கள் சூழ அமரும் தெருவும் களமுமே கூத்துக்கு ஏற்றவை. சொற்பொழிவுகளைக் கலைநிகழ்ச்சிக்கு முன்னரே முடித்துக்கொள்வது நலம்.

கிராம சபை கூடும் நாட்கள் ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இந்நாட்களில் ஏதேனும் இரண்டின் மாலையைக் கலைக்கென ஒதுக்கினாலும் போதும். சென்னையில் 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா, கிராமக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களிலும் வீதிகளிலும் ஆடச் செய்தது. நகரத்தார் கண்டு வியந்த கலையை, அது பிறந்த ஊரின் பிள்ளைகள் காணாதிருப்பது தகுமா? பள்ளித் தலைமையாசிரியரோடு கலந்து, வாரம் ஒரு மணி ஊர்க் கலைஞர் ஒருவர் பயிற்சி அளிக்க வகைசெய்தல் வேண்டும். அயர்லாந்துச் சிறுவர்கள் செய்ததுபோல், விடுமுறையில் முதியோரிடம் கேட்டு எழுதும் பணியையும் மாணவர்களுக்கு அளிக்கலாம்.

கூலியும் மானமும்

இவ்விஷயத்தில் மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் இதுவே. பறையடிப்பது ஒரு சாதியினரின் கட்டாய ஊழியம் என்றும், அவர்கள் கூலி கேட்கலாகாது என்றும் கருதிய காலம் உண்டு. அக்கொடுமையினாலேயே அச்சமூகத்து இளைஞர் பலர் பறையைத் தொடமாட்டோம் என்று உறுதி பூண்டனர். அவர்கள் உறுதி நியாயமானது. கலையைக் காக்கிறோம் என்ற பெயரால் அடிமைத்தனத்தைக் காத்தல் கூடாது. கலைஞரை வீடு தேடிச் சென்று அழைத்து, பேசிய ஊதியத்தை நிகழ்ச்சி முடிந்த அன்றே கொடுத்து, விருந்தினர் அமரும் நாற்காலியிலேயே அமரச் செய்து, எல்லோர்க்கும் உரிய பந்தியிலேயே உணவு அளிக்க வேண்டும். வர விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அதனையும் மதித்தல் வேண்டும். கற்க விரும்பும் எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தக் கலையையும் கற்க வழிசெய்தால், காலத்தில் இக்கறை நீங்கும்.

பதிவின்மீது கலைஞருக்குள்ள உரிமையையும் மறத்தலாகாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தத்தின்படி, நிகழ்த்துவோருக்குத் தம் நிகழ்ச்சியின்மீது உரிமை உண்டு. அவர் இசைவின்றி எடுத்து விற்பதும் பரப்புவதும் குற்றமாகலாம். இசைவைப் பதிவேட்டில் எழுதி அவருக்குப் படித்துக் காட்டுவதோடு, பதிவின் ஒரு படியை அவர் குடும்பத்தாருக்கும் தருவது நமது கடமை.

2021-இல் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகமும், 2024-இல் வள்ளி ஒயிற்கும்மி ஆசிரியர் பத்ரப்பனும், 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் பத்மஸ்ரீ விருது பெற்றமை நாம் பெருமைப்படத்தக்கது. ஆயினும், விருது எட்டாத ஊர்களில் பெயர் அறியப்படாத கலைஞர் ஆயிரக்கணக்கானோர் உள்ளனர். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்கள் உறுப்பினராகப் பதிவு பெற்றுள்ளனரா என்று விசாரித்து, பெறாதோர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்க எளிய உதவியாகும்.

செலவு எவ்வளவு?

பணம் எங்கே என்ற கேள்வி எழுதல் இயல்பே. கைப்பேசி உளது, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் உளர், நூலகக் கட்டிடம் உளது. ஒரு தடித்த பதிவேடும், ஒரு ஹார்டு டிஸ்கும், கலைஞர்க்குரிய ஊதியமுமே புதிய செலவு. திருவிழாவில் ஓர் இரவு வெடிக்கும் வாணத்திற்கு ஆகும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே தொடக்க வேலைகள் பலவற்றை முடித்துவிடலாம். பணத்தைவிட அரிதாயிருப்பது காலமே.

ஆதலின், அடுத்த கிராம சபையிலேயே இதனைப் பொருளாக வைத்து, மூத்த கலைஞர்களின் பட்டியலைத் தயாரிக்கத் தீர்மானம் நிறைவேற்றுமாறு ஊராட்சி உறுப்பினர்களை வேண்டுகிறோம். பட்டியலில் முதலாவதாக உள்ள பெயருக்குரியவர் வீட்டுக்கு அந்த வாரத்திலேயே செல்லுங்கள். "முழுவதும் பாடுங்கள் தாயே, நாங்கள் இருந்து கேட்கிறோம்" என்று சொல்லி அமருங்கள்.

கம்பருக்கு ஓர் இரவு காத்திருக்க இயன்றது. உழவன் மறுநாளும் பாட வந்தான். நமக்கு அத்தகைய உறுதி இல்லை. பாதியில் நின்ற பாட்டின் அடுத்த அடியை இன்று மாலையே சென்று கேட்டுக்கொள்வோமாக.